வீட்டுக் கடிகாரம்

வீட்டுக் கடிகாரம் என்பது, ஒரு வீட்டில் வாழ்வோர் அனைவரும் பொதுவாக நேரம் அறிவதற்காகச் சுவரிலோ, மேசையிலோ, தரையிலோ நிலையாக வைத்துப் பயன்படுத்தும் கடிகாரம் ஆகும். கைக்கடிகாரம் ஒருவருக்கு உரியது. மணிக்கூண்டு ஊருக்கு உரியது. வீட்டுக் கடிகாரம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஊசல் கடிகாரம், சுருள்வில் கடிகாரம், அலாரக் கடிகாரம், மின்சாரக் கடிகாரம், குவார்ட்ஸ் கடிகாரம் என்பன இதன் முக்கிய வகைகள்.

எந்தக் கடிகாரமும் தானாக நேரத்தை அறிவதில்லை. ஒருமுறை கொடுக்கப்பட்ட நேரத்தைத் தன்னால் இயன்ற அளவு காத்து வருவதே அதன் பணியாகும். ஆகவே, வீட்டில் கடிகாரம் வைத்திருப்போருக்கு மூன்று வேலைகள் உண்டு: அதற்கு ஆற்றல் அளித்தல், அதன் பிழையைத் திருத்துதல், திருத்துவதற்குரிய சரியான நேரத்தை வெளியிலிருந்து பெறுதல். கடந்த முந்நூற்றைம்பது ஆண்டுகளாக ஏற்பட்ட தொழில்நுட்ப வளர்ச்சி இம்மூன்று வேலைகளையும் குறைத்துள்ளதே தவிர, முற்றாக நீக்கிவிடவில்லை.

பெயர்

கடிகாரம் என்னும் சொல், 24 நிமிடக் கால அளவைக் குறிக்கும் 'கடிகை' என்ற வடமொழிச் சொல்லோடு தொடர்புடையது. இதே கால அளவு தமிழில் நாழிகை எனப்படுகின்றது. தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் கடியாரம், கெடியாரம் என்னும் வடிவங்களும் உள்ளன. இலங்கைத் தமிழரிடையே மணிக்கூடு என்ற சொல்லே பெரிதும் வழங்குகின்றது.

ஒரு நாள் 60 நாழிகைகளைக் கொண்டது. ஏழரை நாழிகை ஒரு சாமம் ஆகும். பண்டைத் தமிழகத்தில் நாழிகையை அளக்க நீர்க் கடிகை பயன்பட்டது. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான முல்லைப்பாட்டு, போர்ப் பாசறையில் அரசனுக்கு நேரம் கணித்துச் சொல்லும் நாழிகைக் கணக்கரைப் பற்றிக் குறிப்பிடுகின்றது. இவ்வாறான ஏற்பாடுகள் அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரியனவாக இருந்தன. பொதுமக்கள் வெயிலின் நிழலையும், விண்மீன்களையும், கோயில் மணியோசையையும் கொண்டே நேரத்தை அறிந்து வந்தனர்.

வரலாறு

ஊசல் கடிகாரம்

ஐரோப்பாவில் 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்த எந்திரக் கடிகாரங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 நிமிடம் வரை பிழை காட்டின. இதனால் அவற்றுட் பெரும்பாலானவற்றில் மணி முள் மட்டுமே இருந்தது. ஊசலின் அலைவு நேரம் ஏறக்குறைய மாறாதிருப்பதைக் கவனித்த இத்தாலிய அறிஞர் கலிலியோ கலிலி, தம் இறுதிக் காலத்தில் ஊசலால் இயங்கும் கடிகாரம் ஒன்றைத் திட்டமிட்டார். எனினும் அது முழுமை பெறுமுன் 1642 இல் அவர் காலமானார்.

முதலாவது ஊசல் கடிகாரத்தை டச்சு அறிவியலாளரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656 இல் உருவாக்கினார். அடுத்த ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. ஹேக் நகரைச் சேர்ந்த சாலமன் கோஸ்டர் என்னும் கடிகாரக் கைவினைஞர் அவருக்காக இவற்றைச் செய்து கொடுத்தார். இக்கண்டுபிடிப்பினால் பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 வினாடிகளாகக் குறைந்தது. அதன் பின்னரே வீட்டுக் கடிகாரங்களில் நிமிட முள் பொருளுடையதாயிற்று.

ஹைகன்ஸ் 1665 இல் உடல்நலம் குன்றிப் படுத்திருந்தபோது, ஒரே தாங்கியில் தொங்கிய இரண்டு கடிகாரங்களின் ஊசல்கள் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஒத்து ஆடுவதைக் கண்டார். அவற்றைக் குலைத்து விட்டாலும் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் மீண்டும் ஒத்திசைந்தன. தாங்கியின் வழியாகக் கடத்தப்படும் மிகச் சிறிய அதிர்வே இதற்குக் காரணம். ஊசல் கடிகாரத்தை அசையாத சுவரில் உறுதியாகப் பொருத்த வேண்டும் என்னும் நடைமுறை விதிக்கும் இதுவே அடிப்படை.

ஏறத்தாழ 1670 இல் நங்கூர வடிவ விடுவிப்புறுப்பு பயன்பாட்டுக்கு வந்தது. இதனால் சிறிய வீச்சில் ஆடும் நீண்ட ஊசலைக் குறுகிய மரப்பெட்டிக்குள் அடக்க முடிந்தது. ஆளுயர நிலைக் கடிகாரம் இவ்வாறே தோன்றியது. அமெரிக்கப் பாடலாசிரியர் ஹென்றி கிளே வொர்க் 1876 இல் வெளியிட்ட பாடல் ஒன்றின் காரணமாக, இவ்வகைக்குத் 'தாத்தா கடிகாரம்' என்ற பொருள்படும் பெயர் ஆங்கிலத்தில் நிலைத்தது.

மலிவுக் கடிகாரங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எலி டெரி என்பவர், 4,000 மரப்பொறிக் கடிகாரங்களைச் செய்து தருவதாக ஒப்பந்தம் செய்து, நீராற்றலால் இயங்கும் பொறிகளைக் கொண்டு ஒரே அளவான உறுப்புகளைச் செய்து 1810 அளவில் அதனை நிறைவேற்றினார். பின்னர் மரப் பற்சக்கரங்களுக்குப் பதிலாகப் பித்தளைத் தகட்டில் வெட்டியெடுத்த பற்சக்கரங்கள் வந்தன. இதன் விளைவாகக் கடிகாரம் செல்வர் வீட்டு அணிகலன் என்ற நிலையிலிருந்து சாதாரணக் குடும்பத்தின் பொருளாக மாறியது. செருமனியில் 1861 இல் தொடங்கப்பட்ட யுங்கான்ஸ், சப்பானில் 1892 இல் தொடங்கப்பட்ட செய்கோஷா ஆகிய தொழிற்சாலைகளின் சுவர்க் கடிகாரங்கள் இந்திய வீடுகளிலும் இடம்பெற்றன. இந்தியாவில் பிற்காலத்தில் குஜராத் மாநிலத்தின் மோர்பி நகரம் சுவர்க் கடிகார உற்பத்தியின் முக்கிய மையமாக வளர்ந்தது.

அலாரக் கடிகாரம்

விரும்பிய நேரத்துக்குத் திருப்பி வைக்கக்கூடிய எந்திர அலாரக் கடிகாரத்துக்குப் பிரான்சைச் சேர்ந்த அந்துவான் ரெடியே 1847 இல் காப்புரிமை பெற்றார். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழிற்சாலை வேலைமுறை பரவியபோது, சாவி கொடுக்கும் சிறிய அலாரக் கடிகாரமும் உடன் பரவியது. கடிகாரம் கூடத்திலிருந்து படுக்கையறைக்குள் சென்றது இக்காலத்திலேயாகும்.

இயங்கும் விதம்

எல்லாக் கடிகாரங்களிலும் நான்கு பகுதிகள் உண்டு: ஆற்றல் மூலம், ஒரே சீராக அலையும் பொருள், அலைவுகளை எண்ணும் பொறி, காட்டும் முகப்பு. எந்திரக் கடிகாரத்தில் தொங்கும் எடை அல்லது முறுக்கிய சுருள்வில் ஆற்றலை அளிக்கின்றது. பற்சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாக விடுவிக்கும் உறுப்பு, ஊசலுக்குச் சிறு உந்துதலைக் கொடுத்து அதன் ஆட்டத்தையும் எண்ணுகின்றது. 'டிக் டிக்' ஒலி இவ்விடத்தில் உண்டாகின்றது.

ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தையும் அவ்விடத்துப் புவியீர்ப்பையும் பொறுத்தது. குண்டின் எடையைப் பொறுத்ததன்று. ஒரு பக்கம் செல்ல ஒரு வினாடி எடுக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99.4 செ.மீ. ஆகும்.

பொது மின்சாரத்தில் இயங்கும் ஒத்தியங்கு கடிகாரம் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை எண்ணுகின்றது. அதாவது, மின்நிலையமே அதற்கு ஊசலாக அமைகின்றது. ஐரோப்பாவில் 2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், செர்பியா, கொசோவோ ஆகியவற்றுக்கிடையேயான மின் வழங்கல் பிணக்கினால் அதிர்வெண் 50 ஹேர்ட்சுக்குச் சற்றே கீழே நீடித்தது. அதனால் அக்கண்டத்தின் பல நாடுகளில் இவ்வாறு இயங்கிய அடுப்புக் கடிகாரங்களும் அலாரக் கடிகாரங்களும் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆறு நிமிடம் பின்தங்கியிருந்தன.

குவார்ட்ஸ் கடிகாரத்தில் அலையும் பொருள் ஒரு சிறு படிகம் ஆகும். அழுத்தத்தால் சில படிகங்களில் மின்னூட்டம் தோன்றும் பண்பைக் கியூரி சகோதரர்கள் 1880 இல் கண்டறிந்தனர். 1927 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசனும் ஹார்ட்டனும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை அமைத்தனர். இன்றைய கடிகாரங்களின் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. இவ்வெண் 2 இன் 15 ஆம் அடுக்கு. எனவே, 15 முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும். அத்துடிப்பு ஒரு சிறு மின்னோடியை இயக்கி, வினாடி முள்ளை ஒவ்வொரு அடியாக நகர்த்துகின்றது.

பிழைக்கான காரணங்கள்

வெப்பம்: எஃகுத் தண்டு கொண்ட ஊசல், வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 வினாடி பின்தங்கும். தண்டு நீள்வதே காரணம். இதனை ஈடுசெய்யச் சார்ச் கிரகாம் 1721 இல் பாதரச ஊசலையும், சான் ஹாரிசன் 1726 அளவில் பல உலோகத் தண்டுகளாலான ஊசலையும் அமைத்தனர். மரத் தண்டு வெப்பத்தால் குறைவாகவே நீள்வதால் எளிய வீட்டுக் கடிகாரங்களில் அது பயன்பட்டது. குவார்ட்ஸ் படிகம் 25 பாகை அளவில் சரியாக இயங்குமாறு வெட்டப்படுகின்றது. இதைவிட வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் அது சற்றே மெதுவாகும். 35 பாகையில் இக்குறைவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.3 வினாடி.

இடம்: 1672 இல் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்ற சான் ரிச்சே, தம் ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். நிலநடுக்கோட்டை நெருங்கும்போது புவியீர்ப்புச் சற்றுக் குறைவதே இதற்குக் காரணம். ஆதலால், குளிர்நாட்டில் திருத்தப்பட்டு வந்த ஊசல் கடிகாரத்தைத் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ மாட்டும்போது மறுபடியும் திருத்த வேண்டியிருக்கும்.

சாய்வு: பெட்டி சாய்ந்திருந்தால் 'டிக்' ஒலிகளுக்கு இடைப்பட்ட நேரம் சமமாக இராது. நொண்டுவது போல் ஒலிக்கும் கடிகாரம் விரைவில் நின்றுவிடும்.

நேரத்தை வெளியிலிருந்து பெறுதல்

வானொலிக்கு முற்பட்ட காலத்தில், வீட்டுக் கடிகாரத்தைத் திருத்துவதற்கு ஊரின் பொது ஒலிகளே துணையாக இருந்தன. சென்னையில் புனித சார்ச் கோட்டையிலிருந்து சுடப்பட்ட பீரங்கி ஒலி நேரத்தை அறிவித்தது. பிற ஊர்களில் ஆலைச் சங்கும், மணிக்கூண்டும், வழக்கமாக வரும் தொடர்வண்டியும் இப்பணியைச் செய்தன. இலண்டனில் பெல்வில் குடும்பத்தினர் 1836 முதல், கிரீனிச் ஆய்வகத்தில் சரிபார்த்த கடிகாரம் ஒன்றை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சென்று காட்டிக் கட்டணம் பெற்று வந்தனர். அக்குடும்பத்தின் ரூத் பெல்வில் 1940 வரை இத்தொழிலைத் தொடர்ந்தார்.

பி.பி.சி. வானொலி 1924 பெப்ரவரி 5 முதல் ஆறு குறியொலிகளால் நேரத்தை அறிவிக்கத் தொடங்கியது. தொலைபேசியில் நேரம் கூறும் சேவை பாரிசில் 1933 இலும் பிரித்தானியாவில் 1936 இலும் தொடங்கப்பட்டது. தமிழ் வீடுகளில் வானொலிச் செய்தி தொடங்கும் நேரத்தைக் கொண்டு சுவர்க் கடிகாரத்தைத் திருத்துவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. செருமனியின் மைன்ஃபிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹேர்ட்சில் ஒலிபரப்பாகும் நேரக் குறிப்பைப் பெற்றுத் தாமே திருத்திக்கொள்ளும் கடிகாரங்கள் ஐரோப்பிய வீடுகளில் பரவலாக உள்ளன.

நேர மாற்றங்களும் வீட்டுக் கடிகாரமும்

சரியான நேரம் எது என்பதை அரசு முடிவு செய்கின்றது. அம்முடிவு மாறும்போது நன்றாக ஓடும் கடிகாரமும் தவறான கடிகாரம் ஆகிவிடும்.

சென்னை வானியல் ஆய்வகத்தின் நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்ட சென்னை நேரம், கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. 19 ஆம் நூற்றாண்டில் இந்தியத் தொடர்வண்டிகள் இதனைப் பின்பற்றின. 1906 சனவரி 1 முதல் இந்திய சீர்நேரம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை நேரம் காட்டிய கடிகாரங்களை ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ள வேண்டியிருந்தது.

மலேசியத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் 1982 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது.

இலங்கையில் மின் பற்றாக்குறையைச் சமாளிப்பதற்காக 1996 மே மாதத்தில் நேரம் ஒரு மணி முன்னே மாற்றப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே கொண்டுவரப்பட்டது. 2006 ஏப்ரல் மாதத்தில் மீண்டும் பழைய நேரமே நடைமுறைக்கு வந்தது. தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் 1996 ஆம் ஆண்டு மாற்றம் ஏற்கப்படவில்லை. இதனால் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஒரே தீவில் இரண்டு நேரங்கள் நிலவின. எல்லையின் இரு பக்கத்திலும் இருந்த வீட்டுக் கடிகாரங்கள் பிழையின்றி ஓடியும் அரை மணி வேறுபட்டுக் காட்டின.

ஐக்கிய இராச்சியத்திலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு மணி முன்னேயும், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு மணி பின்னேயும் கடிகாரங்கள் மாற்றப்படுகின்றன. அந்நாடுகளில் வாழும் தமிழர் தாயகத்து உறவினருடன் பேசும் நேரமும் இதனால் ஆண்டுக்கு இருமுறை மாறுகின்றது.

தமிழ் வீடுகளில் கடிகாரத்துடன் நாள்காட்டியும் சேர்ந்தே பயன்படுகின்றது. இராகு காலம் ஒன்றரை மணி நேரம் கொண்டது. பொது வழக்கில் திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9.00 வரை எனக் கொள்ளப்படுகின்றது. இது காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாகக் கொண்ட கணக்கு. ஒரே சூரியனுக்குரிய கணக்காக இருந்தும், சீர்நேரம் மாறும்போதும் அச்சிட்ட இவ்வெண்களையே பலர் பின்பற்றுகின்றனர்.

பராமரிப்பு

ஊசல் கடிகாரத்தை வீட்டில் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை:

சாவி கொடுத்தல்: பெரும்பாலான சுவர்க் கடிகாரங்கள் எட்டு நாள் ஓடக்கூடியவை. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் சாவி கொடுப்பது நல்லது. முகப்பில் இரண்டு துளைகள் இருந்தால் பொதுவாக வலப்புறத் துளை ஓட்டத்துக்கும், இடப்புறத் துளை மணியடிப்பதற்கும் உரியது.

வேகத்தைத் திருத்துதல்: ஊசல் குண்டின் அடியில் உள்ள மரையால் குண்டை உயர்த்தினால் கடிகாரம் விரையும், தாழ்த்தினால் மெதுவாகும். ஒரு மீட்டர் ஊசலில் 1 மி.மீ. மாற்றம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 வினாடி வேறுபாட்டைத் தரும். 25 செ.மீ. ஊசலில் அதே மாற்றம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். எனவே, சிறிது திருகி, ஒரு நாள் முழுதும் பார்த்த பின்னரே மீண்டும் திருக வேண்டும்.

மணியடித்தல்: முழு மணிகளை மட்டும் அடிக்கும் கடிகாரம் நாளொன்றுக்கு 156 முறை அடிக்கும். அரை மணிக்கு ஒருமுறை அடிப்பதாயின் இது 180 ஆகும். பழைய எண்ணுச்சக்கர வகைகளில் முள்ளை விரைந்து திருப்பினால் அடிக்கும் எண்ணிக்கையும் காட்டும் மணியும் வேறுபட்டுவிடும். நிமிட முள்ளை முன்னோக்கியே திருப்பி, ஒவ்வொரு முறையும் மணியடித்து முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

இடம் மாற்றுதல்: வேறிடத்துக்குக் கொண்டு செல்லுமுன் ஊசலைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியபடியே தூக்கினால் ஊசலைத் தாங்கும் மெல்லிய வில்தகடு முறியக்கூடும்.

குவார்ட்ஸ் கடிகாரத்தில் மின்கலம் வலுவிழக்கும்போது, வினாடி முள் பெரும்பாலும் 9 மணிக் குறியை ஒட்டிய இடத்தில் துடித்துக்கொண்டு நிற்கும். அவ்விடத்திலேயே முள்ளை மேலே தூக்க மிகுந்த விசை தேவைப்படுகின்றது. முற்றாக நின்றுவிட்ட கடிகாரத்தைக் கண்டவுடன் அறியலாம். பின்தங்கிச் செல்லும் கடிகாரமே ஏமாற்றும். பழைய மின்கலத்தை நெடுநாள் விட்டுவைத்தால் அது கசிந்து பொறியை அரித்துவிடும்.

பாதுகாப்பு

பழைய அலாரக் கடிகாரங்கள் சிலவற்றின் எண்களிலும் முட்களிலும் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. அமெரிக்காவில் 1917 முதல் இவ்வேலையில் ஈடுபட்ட இளம்பெண்கள், தூரிகையின் நுனியைக் கூராக்க உதட்டில் வைத்தமையால் தாடை எலும்பு அழிந்தும் புற்றுநோயாலும் மாண்டனர். அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928 இல் இழப்பீட்டுடன் முடிவுற்றது. தொழிலாளர் பாதுகாப்பு வரலாற்றில் இது முக்கியமானது. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். பூச்சிலுள்ள ஒளிர்பொருள் பழுதாகி ஒளி மங்கிவிட்டாலும் கதிரியக்கம் மறைவதில்லை. எனவே, இத்தகைய கடிகாரத்தின் கண்ணாடியைத் திறப்பதும் பூச்சைச் சுரண்டுவதும் கூடாது. பேச்சு வழக்கில் ஒளிரும் பொருட்கள் யாவும் ரேடியம் எனப்பட்டாலும், இக்காலக் கடிகாரங்களில் உள்ளவை கதிரியக்கம் அற்ற பூச்சுகளாகும்.

சிறிய மின்னணுக் கடிகாரங்களில் பயன்படும் பொத்தான் வடிவ மின்கலங்கள் குழந்தைகளுக்கு மிக ஆபத்தானவை. விழுங்கப்பட்ட லித்தியம் மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கி உயிருக்கு ஊறு விளைவிக்கலாம். மின்கல மூடி திருகாணியால் இறுக்கப்பட்டுள்ளதா எனப் பார்ப்பதும், ஐயம் ஏற்பட்டால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வதும் இன்றியமையாதன.

இன்றைய நிலை

வலையமைப்பிலிருந்து நேரத்தைப் பெறும் கைபேசி, திருத்தத் தேவையில்லாத கடிகாரமாகவும் அலாரமாகவும் பயன்படுகின்றது. எனினும் சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு தனிப் பயன் உண்டு. கையில் எதனையும் எடுக்காமல், அறையில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தை ஒருங்கே காண அது உதவுகின்றது. சிறுவர் மணி பார்க்கக் கற்பதும், கண்பார்வை குன்றிய முதியோர் மணியோசையால் இரவின் பொழுதை அறிவதும் பல வீடுகளில் இன்றும் அதனைக் கொண்டேயாகும்.